யூரியா சாக்கு, காபி டப்பா, தகரக் கூண்டு

எங்க சித்தப்பா டிராக்டர் சீட்ல எப்பவும் நாலா மடிச்ச யூரியா சாக்கு ஒண்ணு கிடக்கும். சைலன்ஸர் குழாய் வாயில மழைத்தண்ணி இறங்காம இருக்க ஒரு கொட்டாங்குச்சி. இதெல்லாம் நம்மூர் மூளைன்னு ரொம்ப நாளா பெருமையா நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் பார்த்தா, அமெரிக்கக்காரனும் அதே குழாய்ல காலி காபி டப்பாவைக் கவுத்து வச்சிருக்கான் :-) கம்பெனி கொடுக்காத சொகுசை விவசாயி தானே செஞ்சுக்கற கதை, டிராக்டர் எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு.

ஹென்றி ஃபோர்டோட ஃபோர்ட்ஸன் 1917ல் வெளிவர ஆரம்பிச்சது. மலிவு விலை, பேய் விற்பனை. ஆனா ஓட்டுறவன் உட்கார்ற இடம்? ஒரு பட்டைக் கம்பி, அது மேல இரும்புத் தட்டு. சக்கரமும் இரும்பு, அதுல மண்ணைப் பிடிக்க முள்ளு மாதிரி பற்கள். வண்டிக்கு ஸ்பிரிங்கே கிடையாது. நாள் முழுக்க உழுதுட்டு இறங்கினா முதுகெலும்பு எந்த இடத்துல இருக்குன்னு தேடணும். அதனால வைக்கோல் திணிச்ச சாக்கு, ஆட்டுத்தோல், பழைய கார் சீட்டுன்னு கைக்குக் கிடைச்சதை எல்லாம் கட்டிக்கிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டயர் கதை. 1920களின் கடைசியில ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டக்காரங்களுக்கு ஒரு தொல்லை. இரும்புச் சக்கரத்தோட பல்லு மரங்களின் வேரைக் கிழிச்சிடுது. என்ன பண்ணினாங்க? தேஞ்சு போன லாரி டயர்களை வாங்கி, காத்து இல்லாமலே இரும்புச் சக்கரத்துக்கு மேல மாட்டிட்டாங்க. வேரும் தப்பிச்சது, முதுகும் தப்பிச்சது. பெரிய கம்பெனிகள் அதுக்கப்புறம்தான் முழிச்சுது. அல்லிஸ்-சால்மர்ஸ் 1932ல் காத்தடைச்ச ரப்பர் டயரோட டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. முதல் சோதனைக்கு மாட்டினது விமான டயர். "ரப்பர் மண்ணைப் பிடிக்காது"ன்னு சிரிச்சவங்களை நம்ப வைக்க ரேஸ் டிரைவர்களைக் கூட்டி வந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல டிராக்டரை விரட்டிக் காட்டினாங்க. தோட்டக்காரர் வேருக்காகச் செஞ்ச ஒட்டுவேலை எங்க போய் முடிஞ்சது பாருங்க.

அடுத்து குளிர். பனி கொட்டுற ஊர்ல திறந்த சீட்ல உட்கார்ந்து ஓட்டுறதை நம்மளால நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. எஞ்சின் பக்கவாட்டுல தார்ப்பாயைக் கட்டி, அந்தச் சூடு ஓட்டுறவன் பக்கம் திரும்புற மாதிரி செஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் பிளைவுட், தகரம், பழைய ஜன்னல் கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு கூண்டு. 1938ல் மின்னியாபொலிஸ்-மோலின் கம்பெனி இதை முழுசா செஞ்சு கொடுத்தது: மூடின கேபின், ஹீட்டர், ரேடியோ, மணிக்கு 40 மைல் வேகம். பகல்ல உழலாம், சாயங்காலம் அதே வண்டியில டவுனுக்குப் போகலாம். விலை சாதாரண டிராக்டரைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வித்தது சுமார் 150தான்! இன்னிக்கு அதை வாங்க ஏலத்துல அடிச்சுக்கறாங்க, அது வேற விஷயம்.

(இடையில ஒண்ணு. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ல் தென் துருவத்தைத் தொட்டது மூணு ஃபெர்குசன் பண்ணை டிராக்டர்ல. கித்தான் துணி மறைப்பு, சக்கரத்தைச் சுத்தி இரும்புப் பட்டைன்னு மாத்தி அமைச்சதுதான். எவரெஸ்ட் ஏறினவரே தார்ப்பாய் கட்டித்தான் தப்பிச்சார்.)

இதுவரை சிரிச்சாச்சு. இந்தக் கூண்டுல ரெண்டு வில்லங்கம் இருந்தது. ஒண்ணு சத்தம். தகரம் எஞ்சின் இரைச்சலை உள்ளேயே சுழல விட்டு, திறந்த சீட்டை விட மோசமா காதை அறுத்தது. பிரிட்டன்ல 1976ல்தான் கேபினுக்குள்ள 90 டெசிபலுக்கு மேல போகக் கூடாதுன்னு விதி வந்தது. அதுக்குள்ள ஒரு தலைமுறைக்கே காது மந்தம்.

இன்னொண்ணு உயிர். டிராக்டர் பக்கவாட்டுல மட்டும் சாயறதில்ல, பின்பக்கமாவும் கவிழும். சேத்துல பின்சக்கரம் சிக்கி நகராத நேரத்துல எஞ்சினை முறுக்கினா, சக்கரம் சுத்துறதுக்குப் பதிலா வண்டி மூக்கைத் தூக்கும். கொக்கியை விட்டுட்டு அச்சுலயோ அதுக்கு மேலயோ சங்கிலி கட்டி மரம் இழுத்தாலும் இதேதான். மீள முடியாத கட்டம் ஒரு நொடிக்குள்ள வந்துடும், குதிக்கவும் நேரமில்ல. பிளைவுட் கூண்டு என்ன தாங்கும்? அப்பளம்.

ஸ்வீடன் 1959ல் புது டிராக்டர் எல்லாத்துக்கும் சோதிச்ச பாதுகாப்புச் சட்டம் கட்டாயம்னு சொல்லிடுச்சு. 1957ல் லட்சம் டிராக்டருக்கு 17 பேர் கவிழ்ந்து செத்துட்டு இருந்த நாட்டுல, 1990ல் அந்தக் கணக்கு 0.3. ஜான் டியர் 1966ல் இப்படி ஒரு சட்டத்தை விற்பனைக்குக் கொண்டு வந்து, அந்த வடிவமைப்பை மற்ற கம்பெனிகளும் காசில்லாம எடுத்துக்கலாம்னு விட்டுடுச்சு. வியாபாரத்துல இப்படி ஒரு காரியம் அபூர்வம்.

இங்கதான் வீட்டுச் செய்முறை தோத்துப் போகுது. நல்ல சட்டம் விறைப்பா நிக்கக் கூடாது. அளவா வளைஞ்சு அடியை வாங்கிக்கணும், ஆனா ஓட்டுறவன் இருக்கற இடத்துக்குள்ள வரக் கூடாது. அச்சோட சேர்ற போல்ட்டு வரைக்கும் கணக்குப் போட்டுச் சோதிச்சது அது. பட்டறையில ஒட்டின தண்ணிக் குழாய் வெல்டிங்லயே விட்டுடும். சீட் பெல்ட் இல்லேன்னா நல்ல சட்டமும் பாதிப் பிரயோசனம்தான், தூக்கி எறியப்பட்டவன் மேல அதே சட்டம் விழும்.

நம்மூர்ல குளிருக்குப் பதிலா வெயில். சித்தப்பாவும் போர்வெல் குழாய் நாலு நட்டு, மேல தகரம் போட்டு, ஓரத்துல குஞ்சம் எல்லாம் கட்டியிருக்கார். நிழல் நல்லாத்தான் இருக்கு. போன தடவை ஊருக்குப் போனப்ப இந்தக் கதையெல்லாம் சொல்லிட்டு, "கவுந்தா இது தாங்குமா சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"வெயிலுக்குப் போட்டதுடா தம்பி, கவுக்கறதுக்கா போட்டேன்?"ன்னார்.

அடுத்த நாள் காலையில பார்த்தேன். கூரை அப்படியேதான் இருந்தது. மட்கார்டு மேல வழக்கமா ஏறி உட்கார்ற பேரனை மட்டும் இறக்கி விட்டுட்டு, "நடந்து வாடா வயலுக்கு"ன்னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பிட்டுப் போனார். பையன் என்னை முறைச்ச முறைப்பு இருக்கே...