காலைத் துளைக்கும் மணல் தெள்ளு: யாருக்கு ஆபத்து அதிகம்?

கென்யா, உகாண்டா, பிரேசில் ஆகிய நாடுகளின் ஏழைக் கிராமங்களில் பிள்ளைகளை நடக்கவே முடியாதபடி முடக்கிப் போடும் ஒரு தோல் நோய் உண்டு. அதன் பெயர் துங்கியாசிஸ். மணல் தெள்ளு எனப்படும் ஒரு மில்லிமீட்டர் நீளப் பூச்சிதான் இதற்குக் காரணம். கென்யாவில் இதை 'ஃபுன்சா' என்பர்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, 1872ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து அங்கோலா சென்ற ஒரு கப்பல் வழியாக ஆப்பிரிக்காவில் பரவத் தொடங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கிழக்குக் கரையை எட்டிவிட்டது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம், சொறி சிரங்கையும் இதுபோன்ற மற்ற ஒட்டுண்ணித் தோல் நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

எப்படித் தொற்றுகிறது?

பெண் தெள்ளு கால் விரல், நக ஓரம், குதிகால் ஆகிய இடங்களில் தோலுக்குள் புகுந்துகொள்ளும். ஒரு வாரத்தில் பட்டாணி அளவுக்கு வீங்கி, முட்டைகளை வெளியே தள்ளும். நான்கு முதல் ஆறு வாரங்களில் உள்ளேயே மடியும். முட்டைகள் தரையில் விழுந்து, உலர்ந்த புழுதி மண்ணில் புழுவாகிப் பூச்சியாகும். எனவே நோய் தங்கியிருப்பது காலில் மட்டுமல்ல, வீட்டுத் தரையிலும்தான்.

ஆபத்தைக் கூட்டும் காரணங்கள்

* மண் தரை: சிமெண்ட் பூசாத வீடுகளிலும் மணல் தரை வகுப்பறைகளிலும் பூச்சி எளிதில் பெருகும். தரையில் பாய் விரித்துத் தூங்குவோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

* வயது: 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். குனிந்து தம் காலைப் பார்த்துக்கொள்ள முடியாத முதியவர்களின் நிலை மோசம்.

* விலங்குகள்: பன்றி, நாய், பூனை, எலி ஆகியவற்றின் கால்களிலும் இப்பூச்சி வளரும். வீட்டைச் சுற்றி அவை திரிந்தால் மனிதருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

* தண்ணீர்ப் பற்றாக்குறை: வெகுதூரம் சென்று தண்ணீர் சுமக்கும் குடும்பத்தில், தினமும் சோப்புப் போட்டுக் கால் கழுவுவது எளிதல்ல.

* வறட்சிக் காலம்: மழை குறைந்து மண் காயும் மாதங்களில் தொற்று உச்சம் தொடும்.

காலணி மட்டும் போதுமா?

போதாது. பள்ளிக்குக் காலணி அணிந்து செல்லும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். தரையில் விளையாடி, தரையிலேயே உறங்கும்போது பூச்சி ஏறிவிடுகிறது. மடகாஸ்கர் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், காலணி கொடுக்கப்பட்டவர்களைவிடத் தினமும் காலில் தாவர எண்ணெய்க் கலவை பூசிக்கொண்டவர்கள் நல்ல பலன் கண்டனர்.

ஊசியால் குத்தி எடுக்கலாமா?

கூடாது. ஊசி, முள், பிளேடு கொண்டு தோண்டினால் புண் சீழ் பிடிக்கும். தடுப்பூசி போடாதவருக்கு டெட்டனஸ் வரலாம். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பரவும் அபாயமும் உண்டு. டைமெதிகோன் எனும் சிலிகான் எண்ணெயைப் பூசினால், பூச்சி மூச்சுமுட்டி உள்ளேயே சாகும். இதுவே இன்று பாதுகாப்பான சிகிச்சையாகக் கருதப்படுகிறது.

பழி யார் மீது?

இந்நோய் கண்டவர்களைச் சோம்பேறிகள், சுத்தமில்லாதவர்கள் என்று ஊரார் ஒதுக்குவதுண்டு. கேலிக்குப் பயந்து பள்ளியையே விட்டுவிடும் பிள்ளைகளும் இருக்கின்றனர். ஆனால் மேலே சொன்ன காரணங்களை எண்ணிப் பாருங்கள். மண் தரையும் தண்ணீர்ப் பஞ்சமும் ஏழ்மையின் அடையாளங்களே தவிர, யாருடைய சோம்பலும் அல்ல.

நம்மவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கோ பிரேசிலுக்கோ பயணம் சென்றால், மணலில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். இரவில் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்குகளைப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளியுடன் அரிக்கும் வெள்ளை வீக்கம் தெரிந்தால், கையால் நோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நாட்டுக்குச் சென்று வந்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.