குழந்தைகளின் உணவூட்டல் சிக்கல்கள்

வயதுக்கேற்ற அளவிலோ பதத்திலோ உணவை வாய்வழியே உட்கொள்ள ஒரு குழந்தைக்கு இயலாமல் போவது உணவூட்டல் சிக்கல் எனப்படும். இயல்பான வளர்ச்சியுள்ள குழந்தைகளில் நான்கில் ஒருவர் வரையும், வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரையும் இதற்கு ஆளாகலாம் என மருத்துவ நூல்கள் குறிக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இச்சிக்கல், உடற்கோளாறால் வருவது, அப்படியல்லாதது என இரண்டாகவே பிரிக்கப்பட்டது. இரண்டாம் வகையின் பழி பெரும்பாலும் தாயின் மீது விழுந்தது. 1943இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானர், தாம் கண்ட குழந்தைகள் பலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே உணவை மறுத்ததைப் பதிவுசெய்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு, ஆறு வயதுக்குள் தொடங்கும் உணவூட்டல் கோளாறைத் தனி நோயாக ஏற்றது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வயது வரம்பை நீக்கி, உணவைத் தவிர்க்கும் கோளாறு என விரித்தது. 2019இல் வெளியான நிபுணர் கருத்தொருமிப்பு உடல்நலம், ஊட்டம், உண்ணும் திறன், உளச்சூழல் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்கச் சொன்னது. ஒரே குழந்தையிடம் இவை பின்னிக் கிடப்பதால் பழைய இருகூறு பகுப்பு பொருந்தாது.

பெருமூளை வாதமுள்ள குழந்தைக்கு நாக்கும் தொண்டையும் இசைந்து இயங்காமல் உணவு மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும். அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல் அதன் அறிகுறியாகலாம். மல்லாத்தி வைத்து ஊட்டுவது ஆபத்தைக் கூட்டும். ஆட்டிசக் குழந்தை பதம், நிறம், மணம் பார்த்து ஒதுக்கும். மற்றக் குழந்தைகளிடம் மலச்சிக்கல், உணவு எதுக்களித்தல், கட்டியான உணவைத் தாமதமாகப் பழக்குதல் ஆகியவை காரணங்களாகலாம். இவற்றால் வரும் உணவு மறுப்பை அடம் என்று தள்ளுவது தவறு.

உள்ளூர் உணவையும் குழந்தையின் நிலைக்கேற்பவே பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கர்நாடக எல்லையில், ஆனேக்கல் வட்டத்திலுள்ள அத்திபெலே ராகி உண்ணும் ஊர். முளைகட்டிய ராகி மாவில் காய்ச்சும் கூழ் நீர்த்து வருவதால் கொஞ்சம் தண்ணீரில் நிறைய மாவைச் சேர்க்கலாம். சிறு வயிற்றுக்கு அது நல்லது. ஆனால் நீர்த்த உணவு புரையேறும் குழந்தைக்குக் கெட்டியான பதமே பெரும்பாலும் ஏற்றது. பெரியவர்கள் மெல்லாமல் விழுங்கும் ராகி முத்தேயை (களி உருண்டையை) மெல்லும் பயிற்சிக்கு உரியதாகக் கொள்ளலாகாது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை பரிசோதனை உண்டு. மேல்சிகிச்சைக்குப் பெங்களூரில் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் ஆகியவை உள்ளன.