கல்லுப்பள்ளியும் அரங்கமும்: பழைய இடங்களில் நாம் பெறும் படிப்பினை

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்பதைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. நன்மையை நாடிப் பயணம் மேற்கொள்ளத்தக்க பள்ளிவாசல்கள் மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்று மட்டுமே என்பதும் நபிமொழி. இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தித்தால், தொன்மையான இடங்களுக்குச் செல்வதன் நோக்கம் தெளிவாகும். கல்லிடம் கேட்டுப் பெற எதுவுமில்லை. கல்லைப் பார்த்துப் பெறுவதற்குப் படிப்பினை உண்டு.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் தபூக் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தார் பாறைகளைக் குடைந்து வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடந்தார்கள். அவ்விடத்தை அழுதவர்களாகவே கடக்க வேண்டும் எனத் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். பழைய இடத்தில் நிற்பவர் எந்த மனநிலையோடு நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் வேறில்லை. இந்த மனநிலையோடு நாம் சென்று வர வேண்டிய ஊர்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளி.

கோட்டை ரயில் நிலையத்தின் அருகே

திருச்சி செல்லும் நம் குடும்பங்கள் மலைக்கோட்டையைப் பார்க்கின்றன; நத்ஹர் வலி தர்காவுக்குச் செல்கின்றன. சென்னையில் 1795-இல் மறைந்த ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் உடலும் பின்னர் அந்தத் தர்கா வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள சின்னஞ்சிறு கல்லுப்பள்ளியைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

கல் தூண்கள் தாங்கும், மண்டபம் போன்ற எளிய கட்டடம் அது. ஹிஜ்ரி 116-இல், அதாவது கி.பி. 734-இல், அப்துல்லாஹ் இப்னு முஹம்மது அன்வர் என்பவர் அதைக் கட்டியதாக அங்குள்ள அரபுக் கல்வெட்டு கூறுவதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபின் இமாமான ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தது ஹிஜ்ரி 150-இல். அவர்கள் பிறப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கரையில் பாங்கொலி கேட்டிருக்கிறது.

அரபு வணிகர் இங்கு வந்ததில் வியப்பில்லை. அண்மையிலுள்ள உறையூர் சங்ககாலச் சோழரின் தலைநகர். அதன் மெல்லிய பருத்தித் துணி கடல் கடந்தும் புகழ்பெற்றது. வந்தவர்கள் படையோடு வரவில்லை. பல்லவரும் பாண்டியரும் ஆதிக்கத்திற்குப் போட்டியிட்ட காலத்தில், இந்த மண்ணின் மக்கள் அவர்களுக்குத் தொழ இடம் தந்தார்கள். இந்த மண்ணின் கட்டடக் கலையிலேயே பள்ளியும் எழுந்தது. அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு எழும்போது, விருந்தோம்பியவர்களின் நன்றிக் கடன் நம் நெஞ்சில் நிறைய வேண்டும்.

காவிரியின் மறுகரையில்

அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். 156 ஏக்கர் பரப்பு, ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள் கொண்ட அரங்கநாதர் கோயில் அது. வெளிச்சுற்றுகள் வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்கள். நாங்கள் அத்தெருக்களில் நடந்தபோது, உடன் வந்த பிள்ளை ஒரு கேள்வி கேட்டது: "இந்தக் கோயிலைத் தாக்கியது நம்ம ஆளுங்கதானே?"

மறைப்பதற்கில்லை. 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூரின் படையும், 1323-இல் உலூக் கானின் படையும் இக்கோயிலைச் சூறையாடின. இரண்டாம் படையெடுப்பின்போது வைணவப் பெரியவர் பிள்ளை லோகாசாரியார் உற்சவத் திருமேனியுடன் வெளியேறினார். ஊர் ஊராக அலைந்து, வழியிலேயே மறைந்தார். அத்திருமேனி 1371-இல்தான் அரங்கம் திரும்பியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஒரு சமூகம் தன் வழிபாட்டை இழந்து தவித்தது.

இதற்கு என்ன பதில் சொல்வது? "அது அரசியல்" என்று தட்டிக் கழிக்கலாம். ஆனால் நமக்கு முன்பே ஒரு முஸ்லிம் நேர்மையான பதிலைக் காட்டிச் சென்றிருக்கிறார். 1340-களில் மதுரை சுல்தானகத்திற்கு வந்த இப்னு பதூதா, சுல்தான் கியாஸுத்தீனுக்குச் சகலை முறை. அரண்மனை விருந்தாளியாகவே தங்கியிருந்தார். ஆயினும் சிறைப்பட்ட இந்துக்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையை அவர் தம் பயணநூலில் கண்டித்து எழுதினார். சுல்தானின் விரைவான மரணத்திற்கு அக்கொடுமையே காரணம் என்றும் கருதினார். உறவும் உப்பும் அவருடைய பேனாவைத் தடுக்கவில்லை. நமக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு ஏவும் நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் வேண்டுவதும் இதையே. பிள்ளையிடம் நாங்கள் சொன்ன பதிலும் அதுதான்: செய்தவர்கள் நம் பெயர் தாங்கியவர்கள், செய்தது அநீதி.

பக்கத்து வீட்டாரின் மனம்

அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னிதி இருக்கிறது. கொண்டு செல்லப்பட்ட திருமேனியின் மீது அன்பு கொண்டு, அதைத் தேடி அரங்கம் வந்த டெல்லி இளவரசி என்று செவிவழிக் கதை அவளைக் குறிப்பிடுகிறது. அவள் நினைவாக ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன. பெருமாளுக்குக் கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு.

நம் ஈமான் தவ்ஹீதின் மீது நிற்பது. அக்கதையை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அதைச் சொன்னவர்களின் மனத்தை நாம் காணத் தவறக் கூடாது. படையெடுப்பால் காயப்பட்ட ஒரு சமூகம், அந்தக் காயத்தின் நினைவுக்குள்ளேயே ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு மரியாதையான இடத்தை ஒதுக்கியிருக்கிறது. பழிக்குப் பழி என்ற எண்ணம் மட்டுமே இருந்திருந்தால் இது நிகழ்ந்திராது.

ஆகவே அடுத்த முறை திருச்சி செல்லும்போது பிள்ளைகளைக் கல்லுப்பள்ளிக்கு அழைத்துச் செல்வோம். ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலும் நடப்போம். பிற சமயத்தார்க்கு அனுமதியில்லாத எல்லையில் மரியாதையோடு நின்றுகொள்வோம். நம் பெருமையைச் சொல்லும் கல்லை மட்டும் பார்த்துத் திரும்புவது சுற்றுலாவாகவே முடியும். நம்மைத் தலைகுனியச் செய்யும் கல்லின் முன்னும் நிற்கும்போதுதான் அது இறைவன் ஏவிய பயணமாகிறது. பார்ப்பதோடு நின்றுவிடாமல் படிப்பினையும் பெறுவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.