கிண்ணத்தின் அடியில் உள்ள பெயர்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு அண்ணாமலையார் வெள்ளி ரிஷப வாகனத்தில் வலம் வருகிறார். ஆறாம் நாள் இரவு வெள்ளித்தேர் ஓடுகிறது. டேனிஷ் மிஷனெரிமார் உழைத்த அந்நகரில் ஊழியம் செய்யும் ஆயர் எவருக்கும் இது பழகிய காட்சி. அதைக் காண்கையில் எபேசு பட்டணத்துத் தட்டான் தெமேத்திரியு நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், எளிதில் எழும் அந்நினைவைச் சற்று நிறுத்தி, நம் திருவிருந்து மேசையிலுள்ள கிண்ணத்தைச் செய்தவர் யாவர் எனக் கேட்பது நலம்.

அமெரிக்க நாட்டின் பழைய சபைகளில் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கிறது. 1652இல் பாஸ்டன் நகரில் நாணயச்சாலை நடத்தத் தொடங்கிய ஜான் ஹல், தம் கூட்டாளி ராபர்ட் சாண்டர்சனோடு திருவிருந்துக் கிண்ணங்களையும் செய்தார். இருவரும் தத்தம் பெயரின் முதலெழுத்துகளை வெள்ளியில் பொறித்தனர். பியூரிட்டன் சபையார் பழைய ஆலயங்களின் உயர்ந்த பாத்திர வடிவத்தை விரும்பவில்லை. வீட்டில் பருகும் கிண்ணத்தையே மேசைக்குக் கொணர்ந்தனர். விசுவாசிகள் பலர் தம் வீட்டுக் கிண்ணத்தை மரணசாசனத்தில் சபைக்கு எழுதி வைத்ததும் உண்டு. இறையியல் விவாதம் ஒன்று பாத்திரத்தின் வடிவத்திலேயே முடிவு கண்டது எனலாம்.

ஆனால் பொறித்த பெயர் முழு உண்மையையும் கூறுவதில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் அலெக்சாண்டர் பெட்ரி என்பாரின் பட்டறையில் ஆபிரகாம் என்னும் அடிமை வெள்ளிவேலை செய்தார். 1768இல் பெட்ரி இறந்தபின் அவருடைய உடைமைகளோடு ஆபிரகாமும் விற்கப்பட்டார்; வாங்கியவரும் அத்தொழிலைச் சார்ந்தவரே. பட்டறையின் பொருள்களில் உள்ள முத்திரை பெட்ரியினுடையது. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேலும் அகோலியாபும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதைப் படிப்போர்க்கு, விசுவாசிகளின் தகப்பனுடைய பெயரைத் தாங்கிய இம்மனிதனுக்கு ஒரு முத்திரையும் இல்லாதது உறுத்தாமல் இராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் எழுந்தன. 1831இல் பிராவிடென்ஸ் நகரில் ஜேபெஸ் கோரம் தொடங்கிய நிறுவனத்தின் முத்திரை சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து ஆகியவையே. 1840களில் மின்முலாம் பரவியபின் எளிய சபையும் வெள்ளி போன்ற கிண்ணத்தை வாங்க முடிந்தது. அதற்கு நன்றி சொல்லலாம். செய்த கைகளோ இன்னும் மறைந்தன.

நம் நாட்டு வரலாறும் இதற்கு விலக்கன்று. 1849இல் சென்னையில் பீட்டர் ஓர் நிறுவிய பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை ‘சுவாமி வெள்ளி’க்குப் புகழ்பெற்றது. தேநீர்க் கூசாக்களின் புறத்தே இந்துக் கடவுளரைப் புடைத்தெழச் செய்து ஆங்கிலேயர்க்கு விற்றனர். எபேசுவின் வாணிகத்தைக் கண்டித்துப் பிரசங்கம் கேட்டவர்கள் அன்று மாலை அக்கூசாவில் தேநீர் அருந்தியிருக்கக்கூடும்! தகட்டின் உட்புறத்தில் அரக்கிட்டு, வெளிப்புறத்தில் சிற்றுளியால் தட்டி அவ்வுருவங்களை எழுப்பிய கம்மியரின் பெயர் அவற்றில் இல்லை. கடையின் முத்திரை உண்டு.

நம் சபைகளில் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கும்போது, பெரும்பாலும் ‘இன்னாரின் நினைவாக’ என்னும் வரியையே அதில் காண்கிறோம். அது கொடுத்தவரின் பெயர்.