ஜாக் டெலானோவின் புவேர்ட்டோ ரிக்கோ ஒளிப்படங்கள்

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் நிலத்தையும் மக்களையும் ஒளிப்படக் கலைஞர் ஜாக் டெலானோ (1914–1997) 1941 முதல் எடுத்த படங்களின் தொகுதி இது. கரும்பை நம்பி வாழ்ந்த தீவு தொழில்மயமான வரலாற்றுக்கு இப்படங்கள் முதன்மையான சான்றுகளுள் அடங்கும்.

பின்னணி

புவேர்ட்டோ ரிக்கோ 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் வசமானது. இன்றைய உக்ரைனில் பிறந்த டெலானோ 1923இல் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறியவர், ஓவியம் பயின்றவர். பெருமந்தக் காலத்தில் நொடித்துப்போன உழவர்களுக்கு உதவ ஏற்பட்ட அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஒளிப்படப் பிரிவில் 1940இல் சேர்ந்தார். ராய் ஸ்ட்ரைக்கர் அதன் தலைவர். 1941இன் இறுதியில் அப்பிரிவு டெலானோவை விர்ஜின் தீவுகளுக்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் அனுப்பியது.

படங்களின் பொருள்

சுற்றுலா விளம்பரங்களில் கரீபியன் என்றால் ஆளரவமற்ற கடற்கரையும் தென்னையுமே. டெலானோவின் நிலக்காட்சிகளிலோ உழைப்பின் தடம் தெரியும். குவானிக்கா அருகே 1942 ஜனவரியில் எடுத்த படங்களில் கரும்பு வயல் தீப்பற்றி எரிகிறது. தோகை எரிந்துவிட்டால் வெட்டுவது எளிது என்பதால் அறுவடைக்கு முன் வயலுக்குத் தீ வைப்பது வழக்கம். கரிந்த வயலில் இறங்கிக் கரும்பு வெட்டுவோரையும் அவர் படம்பிடித்தார். அதே மாதம் யபுக்கோவாவில் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும், தலைநகர் சான் உவானில் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த எல் ஃபங்கித்தோ குடிசைப் பகுதியையும் பதிவு செய்தார். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் அமைந்த யவுக்கோ நகரை கோடாக்குரோம் வண்ணச்சுருளில் எடுத்தார். வறுமையைக் காட்டும் படங்களிலும் மனிதர்களின் கண்ணியம் குறையவில்லை. இத்தொகுதியின் தனிச்சிறப்பு அதுவே.

பிற்காலப் பணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குகன்ஹைம் நல்கையுடன் 1946இல் மனைவி ஐரீனோடு தீவுக்குத் திரும்பிய டெலானோ, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். தீவின் அரசு 1949இல் தொடங்கிய சமூகக் கல்விப் பிரிவுடன் இணைந்து நாட்டுப்புற மக்களுக்கான திரைப்படங்களை உருவாக்கினார், இசையும் அமைத்தார். இதற்கிடையே தொழிற்சாலைகள் பெருகின, கரும்புச் சாகுபடி சுருங்கியது, பெருந்தொகையானோர் நியூயார்க் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1980களில் டெலானோ தீவைச் சுற்றிவந்து மீண்டும் படமெடுத்தார். பழைய படங்களும் புதியனவும் இணைந்து 1990இல் ‘புவேர்ட்டோ ரிக்கோ மியோ’ என்னும் நூலாக வெளிவந்தன.

மதிப்பும் சேகரிப்பும்

வருகையாளராக எடுத்த படங்களையும் அங்கேயே வாழ்ந்தவராக எடுத்த படங்களையும் ஒருவரே விட்டுச்சென்றிருப்பது அரிது. தீவின் மாற்றத்தை ஒரே கண்ணின் வழியே ஒப்பிட்டுக் காண இத்தொகுதி உதவுகிறது. அரசுப் பணியில் அவர் எடுத்த படங்கள் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அவற்றை அந்நூலகத்தின் இணையதளத்தில் எவரும் காணலாம்.