பன்மூலக் கொள்கை

மனித இனங்கள் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவை அல்ல, தனித்தனியே தோன்றியவை என்ற கருத்து. அறிவியல் இதை முற்றாகக் கைவிட்டுவிட்டது.

பிரான்சின் இசாக் லா பெய்ரேர், ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்தனர் என்று 1655இல் எழுதினார். நூல் எரிக்கப்பட்டது, அவரும் கைதாகித் தம் கருத்தைத் துறக்க நேர்ந்தது. ஆனால் இக்கொள்கை பெரும் தீங்கு விளைவித்தது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்தான். பிலடெல்பியா மருத்துவர் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் மண்டையோடுகளைச் சேகரித்தார். அவற்றில் முதலில் விதைகளையும் பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பிக் கொள்ளளவை அளந்து, இனங்களை மேல்கீழாக அடுக்கினார். ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி பன்மூலக் கொள்கையை ஆதரித்தார். 1850இல் தென் கரோலினாவின் அடிமைகளை ஆடை களைந்து படமெடுக்கச் செய்தார். அறிவின் பெயரால் நிகழ்ந்த கொடுமை அது. இக்கொள்கையின் ஆதரவாளர்களான நாட், கிளிடன் இருவரும் அதை வலியுறுத்தி 1854இல் வெளியிட்ட பெருநூல் அடிமை முறையை ஆதரித்தவர்களுக்குக் கருவியானது. அதே ஆண்டில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், ஒஹாயோவில் ஆற்றிய உரையில் இவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். பட்டதாரிகள் நிறைந்த அவையில் பேசிய அவர் பள்ளிப்படிப்பே இல்லாதவர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

டார்வின் 1871இல், இனங்களிடையே உள்ள நெருங்கிய ஒற்றுமைகளைச் சுட்டிப் பொது மூதாதையரை நிறுவ முயன்றார். 1987இல் வெளியான தாய்வழி மரபணு ஆய்வு, இன்றைய மாந்தரின் பொதுவான தாய்வழி மூலம் ஆப்பிரிக்காவில் இருந்ததாகக் காட்டியது. மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் குழுவுக்குள்ளேயே காணப்படுவதாக ரிச்சர்டு லெவோன்டின் 1972இலேயே கணக்கிட்டிருந்தார்.