பிரயாணியின் பெட்டியும் சுங்கச் சாவடியும்



பிறநாடு சென்று திரும்பும் ஒருவர் சுங்க அதிகாரியின் முன்னே தம் பெட்டியைத் திறந்து வைக்கும்பொழுது, அவ்வதிகாரி கேட்கும் கேள்விகள் பலவாயினும் அவற்றின் உட்பொருள் ஒன்றே. இப்பொருள் உமது சொந்தப் பாவனைக்கு உரியதா, அன்றி விற்பனைக்கு உரியதா என்பதே அது. பாவனைப் பொருளாயின் அது பிரயாணியின் உடைமை; விற்பனைப் பொருளாயின் அது சரக்கு; சரக்குக்கு வரியுண்டு. இக்கேள்வி ஆகாய விமானத்தோடு பிறந்ததன்று. வானொலிப் பெட்டி முதலாகக் கைத்தொலைபேசி ஈறாக வந்த மின்னணுப் பொருள்கள், இப்பழைய கேள்விக்கு விடை கூறுதலை எவ்வாறு கடினமாக்கின என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

உரோமப் பேரரசின் மாகாண எல்லைகளிலே சுங்கம் வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தோர் இருந்தனர். கோல் நாட்டிலே அவ்வரி நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை. குவின்ரிலியன் என்னும் ஆசிரியரின் பெயரால் வழங்கும் சொல்வன்மைப் பயிற்சி நூலொன்றில், இவ்வரி பற்றிய வழக்கு ஒன்று காணப்படுகின்றது. அது நிகழ்ந்த வழக்கன்று. மாணாக்கர் வாதிட்டுப் பழகுதற்பொருட்டுப் புனைந்த வழக்கு. எனினும் அதன் தொடக்கத்திலே தரப்படும் விதிகள் நம் கவனத்துக்கு உரியன. வழிப்பயணத்துக்கு வேண்டிய கருவிகள் தவிர ஏனைய எல்லாவற்றுக்கும் வரி செலுத்தல் வேண்டும், குத்தகையாளன் சோதனையிடலாம், அறிவியாத பொருளை உடையவர் இழப்பர், ஆனால் குலமகளிரைத் தொடுதல் கூடாது. கணவனிடம் பயணம் செல்லும் சீமாட்டி ஒருத்தி நானூறு முத்துக்களைத் தன் மார்பாடையுள் மறைத்து வைத்தாள். அவை அவளது அணியா, சரக்கா? ஒரு சரம் அணிந்திருந்தால் எவரும் வினவியிரார். நானூறு என்ற எண்ணிக்கையே வழக்கைப் பிறப்பித்தது.

நம் பக்கத்திலும் இவ்வேறுபாடு அறியப்படாததன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சுங்கம் பற்றி விரித்துரைக்கும் இடத்தில், திருமணத்துக்குரிய பொருள், மணமகளோடு செல்லும் சீதனம், வேள்வி, பிள்ளைப்பேறு, தெய்வ வழிபாடு ஆகியவற்றுக்குரிய பொருள் என்பன வரியின்றிச் செல்லுக என விதிக்கின்றது. இவற்றின் பேரைச் சொல்லிச் சரக்கைக் கடத்துவோனுக்குத் திருடனுக்குரிய தண்டமே என்றும் கூறுகின்றது. பொருள் யாது என்பதன்று, எதற்காக என்பதே அங்கு அளவுகோல். தமிழிலே 'உல்கு' எனவும் 'சுங்கம்' எனவும் வழங்கிய வரியோ பெரும்பாலும் வணிகர் சரக்கின்மேல் வைத்த வரி. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையிலே மூடைகளுக்குப் புலிமுத்திரை இட்ட செய்தியைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். இலங்கையின் தென்கரையிலுள்ள கொடவாயத் துறைமுகத்தின் சுங்க வருவாயைக் கயவாகு மன்னன் அங்குள்ள விகாரைக்கு அளித்ததைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. ஆயின் மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய தனி மனிதனின் கதையை இவை நமக்குச் சொல்வதில்லை.

அம்மனிதனின் கதை நீராவிக் கப்பலின் காலத்திலேதான் அரசுகளுக்குத் தலைவலியாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் செல்வர் ஆண்டுதோறும் பாரிசு நகர் சென்று, ஆடைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கித் தம் சொந்த உடுப்பு என்று கூறி வரியின்றிக் கொணர்ந்தனர். அவர் கூற்றுப் பொய்யுமன்று, உடுப்பதற்கே வாங்கினர். ஆனால் உள்நாட்டுத் தையற்காரர் சும்மா இருப்பரோ? 1897ஆம் ஆண்டின் டிங்லி வரிச்சட்டம், நாடு திரும்பும் குடிகள் பிறநாட்டில் வாங்கிய பொருள்களில் 100 டொலர் பெறுமதிக்கு மேற்பட்டவற்றுக்கு வரி விதித்தது. பாவனையா, விற்பனையா என்ற கேள்வியோடு, விலை எவ்வளவு என்ற கேள்வியும் அன்று சேர்ந்துகொண்டது. பின்பு இவ்வெல்லை நாட்டின் செல்வ நிலைக்கேற்ப ஏறியிறங்கியமை சுவையான வரலாறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நலிந்து கிடந்த ஐரோப்பாவுக்கு டொலர் சென்று சேர வேண்டும் என்னும் நோக்கோடு அதனை 500 டொலராக உயர்த்தினர். 1961இல், டொலர் மிகுதியாக வெளியேறுகின்றது என்ற அச்சத்தால் மீண்டும் 100 டொலருக்கு இறக்கினர். 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனை 800 டொலராக்கியது. பிரயாணியின் பெட்டி, அவன் அறியாமலே, நாட்டின் கணக்கேட்டில் ஒரு வரியாக இருந்துவந்துள்ளது!

இது தன் நாடு திரும்புவோனின் நிலை. பிறநாட்டுக்கு விருந்தினனாகச் செல்வோனின் நிலை வேறு. அவன் கொண்டுவந்ததைத் திரும்பவும் கொண்டு செல்வான் என்ற நம்பிக்கையின்மேலேயே அவனுக்குச் சலுகை தரப்படுகின்றது. 1954ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நியூயோர்க் நகரில், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில், உல்லாசப் பிரயாணிகளின் சுங்க வசதிகள் பற்றிய உடன்படிக்கை ஒன்று கைச்சாத்திடப்பட்டது. இலங்கையும் அதில் இணைந்த நாடுகளுள் ஒன்று. பிரயாணியின் சொந்தப் பொருள்கள் யாவை என்பதை அது பட்டியலிட்டுக் காட்டியது. கமரா ஒன்று, அதனோடு ஐந்து சுருள் படலம். திரைப்படம் பிடிக்கும் சிறு கமரா ஒன்று. கையில் எடுத்துச் செல்லத்தக்க கிராமபோன் ஒன்று, அதனோடு பத்து இசைத்தட்டு. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. வானொலிப் பெட்டி ஒன்று. தட்டச்சுப் பொறி ஒன்று. வேட்டைத் துப்பாக்கியோடு ஐம்பது தோட்டாக்களுக்கும் இடமளித்த அப்பட்டியல், பதினோராவது இசைத்தட்டை ஐயத்தோடு நோக்கியது. இக்காலத்தார் இதனைக் கேட்டு நகைக்கலாம். எனினும் இதன் அறிவு குறைத்து மதிக்கத்தக்கதன்று. ஒருவன் உள்ளத்தில் இருப்பதை அதிகாரி அறிய இயலாது. ஒன்றா, இரண்டா என்று எண்ண இயலும். நானூறு முத்துக்களைக் கண்ட குத்தகையாளனும் எண்ணிக்கையைக் கொண்டே ஐயுற்றான்.

எண்ணுவோர்க்குச் சோதனையும் அவ்வாண்டிலேயே வந்தது. உடன்படிக்கை எழுதப்பட்டபோது, கையில் எடுத்துச் செல்லும் வானொலி என்றால் வெற்றிடக் குழாய்களும் கனத்த மின்கலங்களும் கொண்ட பெட்டியாகவே இருந்தது. 1954ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரீஜென்சி டிஆர்-1 என்னும் திரான்சிஸ்டர் வானொலி அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. அதன் விலை 49 டொலர் 95 சதம். அடுத்த ஆண்டில், பின்னர் சோனி எனப் பெயர்பெற்ற யப்பானிய நிறுவனம் தன் முதல் திரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது. 1957இல் வெளிவந்த அதன் டிஆர்-63 வானொலி பல நாடுகளுக்கும் சென்றது. உள்ளங்கையில் அடங்கும் பொருள், ஒரு தொழிலாளியின் பல நாட் கூலிக்கு ஈடான விலை. முத்துக்கு அடுத்தபடியாக மறைத்தற்கு இத்துணை எளிதான சரக்கு உலகில் அரிதாகவே தோன்றியிருக்கும். அப்பால், 1967ஆம் ஆண்டில் அந்த உடன்படிக்கைப் பட்டியலில் எடுத்துச் செல்லத்தக்க தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டது.

இப்பொருள்களைத் தேடிப் பிரயாணிகள் கொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றதற்குக் காரணம், அவை சுங்கமற்ற துறைமுகங்களாக வளர்ந்தமையே. கொங்கொங்கில் மது, புகையிலை, எண்ணெய் முதலிய சிலவற்றைத் தவிர ஏனையவற்றுக்கு இறக்குமதி வரி இல்லை. ஆதலால் அங்கே கமராவும் வானொலியும் வீதிக் கடையிலேயே மலிவாக இருந்தன.

விமான நிலையக் கடையோ வேறு வகையாகப் பிறந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்புவதற்காக அயர்லாந்தின் சனன் என்னுமிடத்தில் இறங்கின. 1947இல் அயர்லாந்துப் பாராளுமன்றம் அவ்விமான நிலையத்தைச் சுங்கமற்ற இடமாக்கும் சட்டத்தை இயற்றியது. அங்கு உணவுச் சாலையை நடத்திவந்த பிரெண்டன் ஓ'றீகன் என்பவரின் முயற்சியால், உலகின் முதலாவது தீர்வையற்ற விமான நிலையக் கடை உருவாயிற்று. குடிவரவுப் பரிசோதனையைத் தாண்டிய பிரயாணி சட்டத்தின் கண்ணில் நாட்டைவிட்டு நீங்கியவன். அவனுக்கு விற்பது ஏற்றுமதி. ஏற்றுமதிக்கு உள்நாட்டு வரி எதற்கு என்பதே அவர் வாதத்தின் சாரம்.

நேயர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 'தீர்வையற்றது' என்று பலகையில் எழுதியிருப்பது, விற்கும் நாட்டின் தீர்வையையே குறிக்கும். வாங்கியவர் சென்று இறங்கும் நாடு அப்பலகையை எழுதவில்லை; அது தன் சட்டப்படி வரி கேட்கும். கடைகளிலே வாங்கிய பொருளுக்குச் செலுத்திய விற்பனை வரியைப் புறப்படும்போது மீளப்பெறும் ஏற்பாடும் இத்தகையதே. ஓர் எல்லையில் வரி திரும்பக் கிடைத்தமை, மறு எல்லையில் விலக்குப் பெற்றமைக்குச் சான்றாகாது. அன்றியும், இவ்வேற்பாடுகள் என்றும் நிலைப்பனவல்ல. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்கிடையே பயணம் செய்வோருக்கான தீர்வையற்ற விற்பனை 1999ஆம் ஆண்டின் நடுவிலே நிறுத்தப்பட்டது. பெரிய பிரித்தானியாவிலே கடையில் வாங்கிய பொருளின் வரியை மீளப்பெறும் முறை 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஒழிந்தது. பழைய பிரயாணி சொல்லக் கேட்டுப் புதிய பிரயாணி ஏமாறுவது இதனாலேயே.

நம் நாட்டிலே இவ்விடயம் வெறும் உல்லாசப் பேச்சாக இருந்ததில்லை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பிறநாட்டு வானொலிப் பெட்டி ஒரு வீட்டின் செல்வமாக மதிக்கப்பட்டது. 1977இன் பின் வாயில்கள் திறக்கப்பட்டன. 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982இல் ரூபவாகினி எழுந்தது. அதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்ற ஆண்களும் பெண்களும் திரும்பும்போது, ஒலிநாடாக் கருவியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சுமந்து வந்தனர். வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி இரண்டு ஆண்டு உழைத்து வாங்கிய பெட்டியை எவ்வினத்தில் அடக்குவது? அவள் அதனைத் தன் இல்லத்தில் வைக்கலாம். கடன்காரன் நெருக்கினால் மறு வாரமே விற்கவும் கூடும். அவளுக்கு அது கருவியுமன்று, சரக்குமன்று, சேமித்த கூலி. அதே விமானத்தில், வாரந்தோறும் சென்று வந்து பெட்டி வியாபாரம் செய்வோனும் இருப்பான். இருவர் கையிலும் இருப்பது ஒரே பெட்டி. ஒரே விதியை இருவர்க்கும் இட்டால் பணிப்பெண்ணுக்குக் கொடுமை. விதியை நெகிழ்த்தினால் வியாபாரி அவள் பின்னே ஒளிந்து கொள்வான். வெளிநாட்டில் உழைத்துத் திரும்புவோர்க்கு அரசு தனிச் சலுகை அளிக்கத் தொடங்கியது இச்சிக்கலை உணர்ந்தே என்பது என் கருத்து.

1996ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்பப் பொருள் உடன்பாடு, அதில் இணைந்த நாடுகளிலே கணினி, தொலைபேசிக் கருவி முதலியவற்றின் சுங்கத் தீர்வையை நீக்க வழி செய்தது; வானொலியும் தொலைக்காட்சியும் அதில் இடம்பெறவில்லை. அத்தீர்வை நீங்கிய நாடுகளிலும் விற்பனை வரி போன்ற பிற வரிகள் எஞ்சி நிற்பதுண்டு. ஆதலின் வெளிநாடு செல்வோர், தாம் முன்னரே வைத்திருக்கும் விலையுயர்ந்த கருவியின் தொடரிலக்கத்தைப் புறப்படும்போதே சுங்கத்தில் பதிவு செய்வித்தல் பல நாடுகளில் உள்ள வழக்கம். அன்றேல், திரும்பும்போது அது புதிதாக வாங்கியதன்று என மெய்ப்பிப்பது வருத்தந் தரும்.

1954ஆம் ஆண்டுப் பட்டியலில் தனித்தனியே எண்ணப்பட்ட கமரா, திரைப்படக் கமரா, கிராமபோன், ஒலிப்பதிவுக் கருவி, வானொலி, தட்டச்சுப் பொறி ஆகிய ஆறும், பின்பு சேர்க்கப்பட்ட தொலைக்காட்சியும் இன்று ஒரே கைத்தொலைபேசியுள் அடங்கிவிட்டன. சட்டைப்பையிலே கீறல் விழுந்து கிடக்கும் அதனை எந்த அதிகாரியும் வினவுவதில்லை. பெட்டியின் அடியிலே, உறை கிழிக்கப்படாமல் இருக்கும் இரண்டாவது தொலைபேசியையே அவர் கையில் எடுக்கின்றார். "தங்கைக்கு வாங்கினேன்" என்கின்றார் பிரயாணி. அது சொந்தப் பாவனையுமன்று, விற்பனையுமன்று. அதிகாரி விலைச்சீட்டைக் கேட்கின்றார்.